அவிநாசி அய்யா

கம்பெனிக்கு இமெயில் வந்த புதிதில், முகவரிப் பட்டியலில் தன் பெயர் மொட்டையாக நிற்பது பம்ப்செட் முதலாளி காளிச்சாமிக்குப் பொறுக்கவில்லை.

"அம்மணி, எம்பேருக்குப் பின்னால அய்யான்னு போடு. எனக்கு மட்டும் போட்டா நல்லாருக்காது, எல்லாருக்கும் போட்டுரு."

ஒவ்வொன்றாகத் திருத்த, ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் சண்முகப்ரியாவுக்கு என்ன பைத்தியமா? பட்டியலை எக்செல்லுக்குக் கொண்டுவந்து, ஒரே இழுப்பில் அத்தனை பேரையும் அய்யா ஆக்கித் திரும்ப ஏற்றிவிட்டாள்.

மறுநாள் முதலாளி கொதித்தார். "எம்மேல கேஸ் போட்ட அவிநாசிப் பங்காளியுமா அய்யா? அவனுக்கு மட்டும் எடுத்துப்போடு."

எடுக்க ஒரு நிமிடம் போதும். ஆனால் சண்முகப்ரியாவின் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அவருக்கு எடுத்தா உங்களுக்கும் சேர்ந்து போயிருமுங்க."

முதலாளி திரையில் தன் பெயரை ஒருமுறையும் பங்காளி பெயரை ஒருமுறையும் பார்த்தார்.

"செரி உடு அம்மணி. அவனும் அய்யாவாவே இருந்துட்டுப் போறான்."