ஒரு பக்கம் மட்டும் வெள்ளை

இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்காருங்கள், செல்லங்களா. காலை மடக்கிக்கொண்டால் எல்லாருக்கும் இடம் இருக்கும். ஒரு பெயிண்டர் வீட்டுக்குள் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு குறுங்கோள் வந்து போய்க்கொண்டிருந்தது. அதைச் சொல்கிறேன்.

குடம் பருமன் இருக்கும் அந்தக் கல். சூரியனைச் சுற்றிவிட்டு, காலை பத்தேகாலுக்குச் சமையலறை ஜன்னலில் நுழைந்து, இடுப்பு உயரத்தில், ஆள் நடக்கிற வேகத்தில் மிதந்து, படுக்கையறை ஜன்னல் வழியாக வெளியேறும். யாருக்காகவும் நிற்காது, விலகாது. ஒருமுறை நகர்த்த மறந்த இரும்பு பீரோவில் குடம் பருமனுக்கே ஓட்டை விழுந்தது. மற்றபடி ஜன்னல்களைத் திறந்து, கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டால் தீர்ந்தது. கல்யாணமான புதிதில் அது வந்தபோது பெயிண்டருக்குக் கை சும்மா இருக்கவில்லை. கரிக்கட்டை மாதிரி ஒரு சாமான் தன் வீட்டுக்குள் போவதா என்று, கூடவே நடந்து வெள்ளை அடித்தார். ஒரு பக்கம் முடிவதற்குள் ஜன்னல் வந்துவிட்டது. "வந்த விருந்தாளியை இப்படி அரைகுறையா அனுப்பிட்டீங்களே!" என்று மனைவி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. எடுத்த வேலையை ஒருநாளும் பாதியில் விட்டவரில்லை. ஏழு வருஷமும் அந்த மறுபக்கம் அவர் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. மிச்சத்துக்கென்று ஒரு டப்பா பெயிண்டை மூடி இறுக்கி வைத்திருந்தார்.

அடுத்த முறை கல் வரவேண்டிய அந்தக் காலையில்தான், டாக்டர் சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் முந்தியே, மனைவிக்குப் பிரசவ வலி எடுத்தது. வந்த நர்ஸம்மா, இரண்டு பக்கமும் நின்று பார்க்க வசதியாகக் கட்டிலை அறை நடுவே இழுத்துப் போட்டுவிட்டாள். பத்து மணி அடித்தபோதுதான் பெயிண்டருக்குச் சுரீர் என்றது.

"நர்ஸம்மா, கல்லு வர்ற நேரம்! கட்டிலைத் தள்ளணும்."

"தலை தெரியுதுங்க. இப்போ ஒரு விரல்கடைகூட அசையக் கூடாது. வேணும்னா கல்லைத் தள்ளிப் போகச் சொல்லுங்க."

"சொன்னா கேக்குமா அது?"

"முதல்ல அந்த டப்பாவைக் கீழ வைங்க" என்று மனைவி பல்லைக் கடித்தாள். அது தன் கையில் இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கட்டிலுக்கு முன்னால் கையை விரித்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றார். பத்தேகால் ஆனது. பத்து இருபதும் ஆனது. வீல் என்று ஒரு குரல், மகள். கண்ணைத் திறந்தால், ஜன்னலுக்கு வெளியே பக்கத்துச் சந்தில், கொடியில் காய்ந்த தலையணை உறையைத் தலையில் போட்டுக்கொண்டு, பாதி வெள்ளைக் கல் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் வானாய்வு நிலையத்து அம்மா டேப்போடு வந்து அளந்தாள். மூன்று முழம் விலகல். "வெயிலும் தள்ளும்ங்க. கறுப்பு வெயிலைக் குடிச்சிரும், வெள்ளை திருப்பி அனுப்பிரும், அதனால வெள்ளைப் பக்கத்துக்குத் தள்ளு ஜாஸ்தி. ஒரு பக்கமாவே ஏழு வருஷம் தள்ளியிருக்கு. யாரு அடிச்சது?"

பெயிண்டர் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "நான்தாம்மா. நேரம் பத்தலை. ரெண்டு பக்கமும் அடிச்சிருந்தா?"

"பழைய வழியில நேரா வந்திருக்கும்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, ஏழு வருஷத்து மூச்சை விட்டார். "உங்கப்பா வேலையைப் பாதியில விட்டதால பொழச்சோம்டி" என்று மனைவி மகளின் காதில் சொன்னாள்.

அதன்பிறகு கல் சந்து வழியாகத்தான் வருகிறது. அது வரும் நாள் காலை எல்லாரும் கொடியிலிருந்து துணியை எடுத்துவிடுவார்கள். அடுத்த முறை வந்தபோது ஏழு வயது மகள் அதனோடு கூடவே நடந்து தெருமுனை வரை வழியனுப்பிவிட்டு வந்தாள். பெயிண்டர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நின்றார். டப்பா இன்னும் திறக்கப்படவில்லை.

உங்கள் வீட்டைத் தேடி வருவதெல்லாம் மூன்று முழம் தள்ளியே போகட்டும், கண்ணுகளா. நீங்கள் பாதியில் விட்டதும் உங்களைக் காக்கட்டும்.