ரயில் பாலத்தில் சிக்கிய பீப்பாய்

வெள்ளத்துக்குப் பிறகு துவால் திராட்சைத் தோட்டத்தில் மிஞ்சிய சிவப்பு வைனைக் குடித்தவர்கள், கிளாஸ் காலியாகும்வரை யாழ்ப்பாணத் தமிழில் பேசினார்கள். முதலில் பேசியவர் கொலோனிலிருந்து மனைவியுடன் வந்திருந்த பல் வைத்தியர். ஒரு மிடறு விழுங்கிவிட்டு, "இந்தக் கொடியை இன்னும் கொஞ்சம் ஒட்ட வெட்டியிருக்கலாம்" என்றார். பக்கவாதம் என்று பயந்த மனைவி அம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அது வருவதற்குள் கிளாஸ் முடிந்து, அவர் ஜெர்மன் மொழியில் இன்னொன்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜெர்மனியின் ஆர் நதிக்கரைச் சரிவில் அந்தக் கொடிகளை நட்டது, நெப்போலியன் காலத்தில் பர்கண்டியிலிருந்து வந்த துவால் குடும்பம். நிலம் ஜெர்மனியுடையதானாலும் வெட்டும் முறையும் வைன் ஊறவைக்கும் முறையும் இன்றுவரை பிரெஞ்சுக்காரருடையவைதான். குடும்பத்தில் கடைசியாக எஞ்சிய இசபெல் துவாலுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் குரல் தெரியும். கொடி வெட்டும்போது தனக்குத்தானே பேசிக்கொள்ளும் தோட்டத் தொழிலாளி தபோதரனின் குரல் அது. அவர் உடனே அவன் மனைவி பிரபாலினியை அழைத்தார்.

வெள்ளத்தன்று பின்னேரம், பீப்பாய்களைக் கட்டிவைக்க நிலவறைக்குள் இறங்கியவன் தபோதரன். தண்ணீர் வடிந்தபோது ஒரு பீப்பாய் மட்டும் ரயில் பாலத்தில் சிக்கி, துளி கசியாமல் கிடந்தது. அவன் கிடைக்கவில்லை. பிரபாலினி தாலியைக் கழற்றவில்லை. இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கும் சம்மதிக்கவில்லை. நிலவறையிலிருந்து அவன் இசபெலுக்குப் போன் எடுத்திருந்தான். தனக்கு ஏன் எடுக்கவில்லை என்ற ஒன்றுதான் அவளை அரித்தது. முதியோர் இல்லத்தில் வேலை முடித்து, மேட்டிலிருந்த வீட்டில் அவள் அப்போது அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு வாரந்தோறும் அவள் தோட்டத்துக்கு வந்து, குடிப்பவர்களுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தாள். சைக்கிளில் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் தேத்தண்ணி ஆறிப்போனதைச் சொன்னார்கள். தேனிலவுக்கு வந்த பெண் ஒருத்தி, மகள் நிருஷாவின் சப்பாத்து சின்னனாகிவிட்டது என்று அவனுடைய குரலில் கவலைப்பட்டாள். பிரபாலினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெள்ளத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். அந்தப் பீப்பாயிலிருந்து நிரப்பிய போத்தல்கள் குறையக் குறையப் பேச்சு வெள்ளத்தன்றைய மழையை நெருங்கியது. உள்ளூர்ப் பஸ் சாரதி ஒருவர் கிளாஸை வைத்துவிட்டு, "ஆறு ரோட்டுக்கு வந்திட்டுது" என்ற அன்று, நிருஷா தாயின் கையைப் பிடித்தாள்.

"காணும் அம்மா. வீட்டை போவம்."

"நீ போ பிள்ளை. நான் கேக்கவேணும்."

கடைசிப் போத்தலை இசபெல் யாருக்கும் ஊற்றவில்லை. பிரபாலினியின் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வாழ்நாளில் மது தொடாத பிரபாலினி அதைக் கொடிகளுக்கு நடுவே, நல்ல வெயிலில், தேநீர்க் கோப்பையில் ஊற்றிக் குடித்தாள். அவள் தொண்டையிலிருந்து அவன் பேசினான். "கதவு திறக்குதில்லை. தண்ணி நெஞ்சுக்கு வந்திட்டுது." அவள் இன்னொரு மிடறு குடித்தாள். பிறகு, "பிரபாவுக்குக் கோல் எடுப்பமோ?" என்று கேட்டான். அவனே பதிலும் சொன்னான். "வேண்டாம். இப்பதான் வேலையால வந்து படுத்திருப்பாள். எழுப்பினால் ஓடி வருவாள்."

கோப்பை காலியானதும், "ஓம், வந்திருப்பன்" என்றாள் பிரபாலினி, தன் குரலில். மண்ணில் குப்புற விழுந்து அழுதாள். வெகுநேரம் கழித்து எழுந்து, போத்தலின் அடியில் கிடந்த ஒரு வாயையும் குடித்தாள். "போட்டு வாறன்" என்று அவன் குரலில் விடைபெற்றது அவள் வாய்.

அடுத்த மாதம் ஆற்றங்கரையில் அந்தியேட்டி நடந்தது. புதிய பீப்பாய்களின் வைன் எவரையும் பேசவைக்கவில்லை. ஆனால் பழையதைக் குடித்த ஊர்க்காரர்களின் வாயில், அன்று அவர்கள் அங்கே இல்லாதபோதும், அந்தக் கடைசிச் சொல் தங்கிவிட்டது. விடைபெறும்போது அவர்கள் வேறெதுவும் சொல்வதில்லை. காலையில் தபால்காரர் கடிதங்களைக் கொடுத்துவிட்டு, "போட்டு வாறன்" என்று சைக்கிளில் ஏறுகிறார்.

"ஓம், வாங்கோ" என்று சொல்லிவிட்டுப் பிரபாலினி வேலைக்குப் புறப்படுகிறாள்.