பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டவர்

அன்று காற்று கடலிலிருந்து வந்ததா, பாலைப் பக்கமிருந்து வந்ததா என்பதில் இதைச் சொல்பவனுக்கு உறுதியில்லை. கஜந்தினியைக் கேட்டாலும் ஒருமுறை ஒன்றையும் மறுமுறை மற்றதையும் சொல்வாள். இரண்டாயிரத்து ஏழு பெப்ரவரி, குவைத்தின் ஃபஹாஹீல் கடற்கரையில் ஒரு காப்பிக் கடை, மாலை நேரம். இவ்வளவுதான் நிச்சயம்.

அவளுக்கு எதிரே சிவசங்கரன் இருந்தார். எண்ணெய்க் கம்பனி எஞ்சினியர், திருச்சிக்காரர். அவள் விண்ணப்பித்திருந்த அமெரிக்கக் கல்லூரியில் முன்பு படித்தவர். குவைத்திலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைகளோடு பேசிப் பார்த்து, ஒரு பக்கத்தில் தன் அபிப்பிராயத்தை அனுப்புவார். சம்பளமில்லாத வேலை. பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்று அவள் இணையத்தில் படித்திருந்தாள். அவளுடைய அப்பா அம்பலவாணர் அதைக் கேட்கவில்லை. ஒரு கொன்ட்ராக்ட் கம்பனியின் ஸ்டோர் கீப்பரான அவர், கலியாண வீடுகளுக்கு மட்டும் கட்டும் டையைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் வாங்காமல் தள்ளியொரு மேசையில் இருந்தார்.

முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் அமெரிக்கா. கிடைக்காவிட்டால்? சொந்த ஊரான யாழ்ப்பாணத்துக்குப் போக முடியாது, சண்டை தொடங்கிப் பாதை மூடிக் கிடந்தது. குவைத்தில் படிப்பிக்க அப்பாவின் சம்பளம் காணாது. மிச்சமிருந்தது சென்னைதான். பெரியம்மாவின் மகன் அங்கே ஒரு கல்லூரியில் இடம் பேசி வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தான்.

யாரும் கேட்காமல் நீயாகச் செய்வது என்ன என்று சிவசங்கரன் ஆங்கிலத்தில் கேட்டார். ஜன்னல் விளிம்பில் படியும் புழுதியைத் தினமும் சிறிய போத்தல்களில் எடுத்து வைப்பதாகவும், அதன் நிறத்தை வைத்தே காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்று சொல்லப் பழகியிருப்பதாகவும் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில் தமிழுக்கு மாறினார்.

"என்கிட்ட ஏதாவது கேக்கணுமாம்மா?"

"நீங்க கதைச்ச ஆக்களில ஆருக்காவது இடம் கிடைச்சதா, சேர்?"

அவர் மூடிய பேனாவைச் சட்டைப் பையில் செருகினார்.

"இல்லம்மா. ஏழு வருஷமா எழுதறேன், ஒருத்தருக்கும் கிடைக்கல. நான் எழுதறத அவங்க படிக்கிறாங்களான்னே தெரியாது. உன்னப் பத்தி நல்லா எழுதுவேன்."

பேச்சு முடிந்ததென்று அம்பலவாணர் எழுந்து வந்தார். பிளாஸ்டிக் உறையொன்றை இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"பிள்ளையின்ர பாஸ்போட், சேர். நீங்களே வச்சிருங்கோ."

"எதுக்குங்க? நான் சும்மா பேசிப் பாக்கறவன்தான்."

"பொறுப்பெடுக்கிற ஆளிட்டத்தானே குடுக்கிறது."

அம்பலவாணருக்குத் தெரிந்த முறை அது. வந்திறங்கிய நாளிலிருந்து அவருடைய பாஸ்போர்ட் கம்பனி அலமாரியில் இருக்கிறது. வேலைக்கு எடுத்துக்கொள்கிறவன் பாஸ்போர்ட்டை வாங்கி வைப்பான். திருப்பிக் கையில் தந்தால் கலாஸ், எல்லாம் முடிந்தது, ஊருக்குப் போகச் சொல்கிறான் என்று அர்த்தம். சிவசங்கரன் உறையைத் திருப்பி நீட்டியபோது அம்பலவாணரின் முகம் அப்படியே விழுந்தது.

"பிள்ளை சரியாக் கதைக்கேல்லையோ, சேர்? வீட்டில எங்களை வாய் திறக்க விடமாட்டாள்."

"அப்பா, வாங்கோ போவம்."

சிவசங்கரன் அவளைப் பார்த்தார். பிறகு நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "சரிங்க. முடிவு வர்றவரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்."

அது இரக்கம் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது. அம்பலவாணர் ஒருவர்தான் சிரித்தார்.

வீட்டில் அம்மா யோகம்மா கதவைத் திறந்தபடியே கேட்டாள்.

"என்னவாம்? இடம் தாறனெண்டு வாயால சொன்னவரோ?"

"சொல்லுறதென்ன, பாஸ்போட்டையே வாங்கீட்டார். உம்மட அக்கான்ர பெடியனுக்குப் போன் அடியும். சென்னை வேண்டாமெண்டு சொல்லும்."

கஜந்தினி வாய் திறக்கப் போனாள். கண்ணாடி முன் டையைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் பாடி அவள் கேட்டதேயில்லை. முகம் கழுவப் போய்விட்டாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். அந்த நாளை வரவில்லை.

மார்ச் கடைசியில் இடமில்லை என்று மின்னஞ்சல் வந்தது. சென்னை இடம் அதற்குள் வேறொரு பிள்ளைக்குப் போயிருந்தது. அம்பலவாணர் கலங்கவில்லை. "எழுத்தில வாறதை விடு, பிள்ளை. பாஸ்போட் அவரிட்டத்தானே இருக்கு" என்றார். இரண்டு நாள் அப்படியே இருந்தார். மூன்றாம் நாள் சிவசங்கரன் படியேறி வந்து உறையைக் கொடுத்தார். யோகம்மா கொண்டுவந்த தேநீர் குடிக்கப்படாமல் ஆறியது. அம்பலவாணர் பாஸ்போர்ட்டின் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எல்லாப் பக்கங்களையும் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

சிவசங்கரன் அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையோடும் பேசிப் பார்க்க ஒப்புக்கொள்ளவில்லை. சில வருடங்களில் குவைத்தை விட்டே போய்விட்டார். அம்பலவாணரின் கம்பனி மூடப்பட்டபோது அவருடைய பாஸ்போர்ட்டையும் கையில் கொடுத்தார்கள். அவரும் யோகம்மாவும் கொழும்பில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள். கஜந்தினி ஃபஹாஹீலில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். ஜன்னல் விளிம்பில் போத்தல்கள் இன்னும் வரிசையாக இருக்கின்றன. காப்பிக் கடைக்குப் போன அந்த மாலைக்குரிய போத்தல் மட்டும் அவற்றில் இல்லை.