கேளாமல் இட்ட ‘இல்லை’

கணினி நிரலில் ஒரு பொருள் உருப்பெறும் கணத்திலேயே அதன் உறுப்புகளுக்கு முதல் மதிப்பைத் தருவது கன்ஸ்ட்ரக்டர். அது பிழைபட்டால் அப்பொருள் பிறவியிலேயே பொய்யைச் சுமந்து வரும். இதை அறிந்தே நான் பிழை செய்தேன்.

அடுகோடியில் உள்ள எங்கள் நிறுவனம் சிறு மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்கிறது. பெயர், வயது, ஒவ்வாத மருந்து ஆகிய மூன்றும் தந்தாலன்றி நோயாளிப் பதிவு உருவாகாதவாறு முதலில் எழுதியிருந்தேன். வாடிக்கையாளருக்குக் காட்டிய அன்று மூன்றாவதை நிரப்ப மறந்தேன். திரை பிழை காட்டி நின்றது. மேலாளர் ஹரிஷ்குமார் முகம் சுளித்தார். மாலையே பெயரும் வயதும் மட்டும் பெறும் இன்னொரு கன்ஸ்ட்ரக்டரை எழுதினேன். ஒவ்வாத மருந்துக்குரிய இடத்தில் ‘இல்லை’ என்று நானே இட்டேன்.

சோதனைப் பிரிவு ராஜலக்ஷ்மி அதைக் கண்டுகொண்டாள்.

“தெரியலைங்கறதும் இல்லைங்கறதும் ஒண்ணா, கவி? உங்க கல்யாணத்துக்கு நான் பதிலே சொல்லலைன்னா, வர்றேன்னு இலை போட்டுடுவீங்களா?”

சிரித்தேன். அடுத்த வெளியீட்டில் மாற்றுவதாகச் சொன்னேன். மாற்றவில்லை.

ஏழு மாதம் கழித்து, ஆஸ்டின் டவுன் அன்னம்மாளைக் கடுங்காய்ச்சலோடு எங்கள் மென்பொருள் இயங்கும் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள் மகள் யசோதா. பதிவு மேசையில் பெயரையும் வயதையும் சொல்லிவிட்டு, துவண்டு சரிந்த தாயைத் தாங்க ஓடினாள். திரையில் ‘இல்லை’ என்று கண்ட செவிலி பெனிசிலின் ஊசி போட்டார். மூச்சு சில நிமிடங்கள் நின்றது. உயிர் மீண்டது, பேச்சு மீளவில்லை.

குடும்பத்தார் தகவல் தரவில்லை என்று எங்கள் அறிக்கை முடித்தது. வாய் திறக்கக் கூடாது என்பது ஹரிஷ்குமாரின் கட்டளை. இரண்டு மாதம் அதற்குக் கீழ்ப்படிந்தேன். அதன்பின் யாரிடமும் சொல்லாமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

தாய்க்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த யசோதா, என்னை அமரச் சொன்னாள். அம்மாவுக்கு அந்த ஊசி ஆகாதென்று சிறு வயதிலிருந்தே தெரியும் என்றாள். ஒரு வார்த்தை சொல்லாமல் தானே கெடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

“நீங்க சொல்லலைதான். ஆனா, ‘இல்லை’ன்னு எழுதினது நான்.”

கரண்டி நின்றது. “வெறுமையா இருந்திருந்தா, நர்ஸ் என்னைக் கேட்டிருப்பாங்களா?”

“கேட்டிருப்பாங்க.”

அவள் அம்மாவின் வாயைத் துடைத்தாள். பிறகு தன் கைபேசியில் ஓர் எண்ணை அழுத்தி என்னிடம் நீட்டினாள்.

“என் அண்ணன் பிரகாஷ். அன்னியிலேர்ந்து என்கிட்ட பேசறதில்லை. இதை அவர்கிட்ட சொல்லுங்க.”

மறுமுனையில் ஓர் ஆண்குரல், யார் என்று கேட்டது. என் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் சொல்லித் தொடங்கினேன்.