மூன்று கை எண்ணெய்

மஞ்சுளாவின் புல் வெட்டும் மெஷின் தனபாலின் கோழிப்பண்ணையில் சரியாகப் பத்து நிமிஷம் ஓடியது. ஓடிய பத்து நிமிஷமும் அது விட்ட புகையைப் பார்த்தால் யாரோ டயர் கொளுத்துகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். அப்புறம் ரெண்டு இருமல் இருமிவிட்டு நின்றுபோனது. கயிற்றை இழுத்து இழுத்து அவளுக்குத் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம்.

பண்ணைக்காரர் தனபால் பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டு பார்த்தபடி நின்றார். மோசமான மனுஷர் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் புதுக் குஞ்சுகள் வந்து இறங்குகின்றன. கோழி அடைக்கும் செட்டைச் சுற்றி இடுப்பளவு புல் நின்றால் எலி வரும், எலிக்குப் பின்னாலேயே பாம்பும் வரும்.

"மஞ்சுளா, நான் நாமக்கல் போய்ட்டு மத்தியானம் வாரேன். அதுக்குள்ள ஓடுனாச் சரி. இல்லீனா எப்பவும் புல்லு வெட்டுற பூபதி ஆளுகள வரச் சொல்லிருவேன். நீ சங்கடப்படக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சங்கடப்படாமல் எப்படி இருப்பது? ஏழு வருஷம் கோழிக்குத் தடுப்பூசி போடும் குழுவோடு வேனேறி ஊர் ஊராகப் போனவள் மஞ்சுளா. கிளம்பும்போதும் மகள் தூங்கிக்கொண்டிருப்பாள், திரும்பும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். மகளிர் குழுவில் கடன் சொல்லி இந்த மெஷினை வாங்கியதே அந்த வேனிலிருந்து இறங்கத்தான். தனபாலுக்கு மூன்று ஊரில் பண்ணை இருக்கிறது. இன்றைக்கு ஒழுங்காக வெட்டிக் கொடுத்தால் வருஷம் முழுக்க வேலை, அதுவும் பக்கத்திலேயே. இல்லாவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் வேன்தான்.

பண்ணையில் முட்டை எடுக்கும் பொன்னன் டிராலியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார். "மெஷினுக்குப் பொம்பளக் கையி ஆகலயாட்ட இருக்குது."

"ஆம்பளக் கையிக்கு ஆகுதான்னு பாப்பம். அந்த ஸ்பேனரக் கொஞ்சம் எடுங்கண்ணா."

இஞ்சினில் பொறி விடும் பிளக்கைக் கழற்றினாள். எண்ணெய்ச் சட்டிக்குள் போட்டு எடுத்ததுபோலக் கறுப்பாக நனைந்திருந்தது. கடைக்காரர் மெஷினைக் கொடுத்தபோதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இதன் எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்துவிட வேண்டும். குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடினால் பிளக் அடைத்துக்கொள்ளும். மெஷினோடு வந்த புத்தகத்தில் இருபத்தைந்துக்கு ஒன்று என்று போட்டிருந்தது. லிட்டருக்கு நாற்பது மில்லி, ஐந்து லிட்டர் கேனுக்கு இருநூறு.

காலையில் இருநூறு மில்லி அளந்து ஊற்றியது அவள்தான். ஆயிரம் கோழிக்கு மருந்து கலக்குகிறவளுக்கு அளவு தப்புமா? அவளுக்கு அழுகை முட்டியது, கூடவே ஒரு சந்தேகமும் முட்டியது. போனை எடுத்தாள்.

புருஷன் கலையரசன் லாரியோடு ஓசூரில் நின்றிருந்தான். முந்தின நாள் பெட்ரோல் வாங்கி வைத்துவிட்டுப் போனவன் அவன்தான்.

"ஏனுங்க, கேன்ல எண்ணெ கிண்ணெ ஊத்துனீங்களா?"

"பங்க்லயே எறநூறு ஊத்திட்டேனே! நீ மொத நாள் பதட்டத்துல மறந்துட்டு ஓட்டிப்போட்டா இஞ்சினு போயிரும்ல?"

"அத ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன!"

எண்ணெய் நானூறு ஆகிவிட்டது. அப்படியும் இவ்வளவு புகை வருமா? அடுத்து மாமியார் அங்காளம்மாளைக் கூப்பிட்டாள்.

"ஆமா சாமி, ஊத்துனேன்" என்றாள் மாமியார், பெருமையாக. "நீ தண்ணி வாத்துக்கப் போயிருந்த. பாட்டலு தொறந்த மேனிக்குக் கெடந்துச்சு. எண்ணெ இல்லாம ஓடுனாக் கெட்டுப்போயிரும்னு கலையரசன் நேத்தெல்லாம் சொல்லிட்டே இருந்தான். அதான் உன்ற அளவுக் கப்புலயே கோடு பாத்து ஊத்துனேன்."

மஞ்சுளாவுக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேரையும் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். கேட்கத்தான் வாயைத் திறந்தாள், சிரிப்பு வந்துவிட்டது. ஒரே குழம்புக்கு மூன்று பேர் உப்புப் போட்ட கதை. அத்தனை பேருக்கும் அவள் மெஷின் நின்றுவிடக் கூடாதே என்கிற பயம். ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

அவர்களைக் கோடு பார்த்து ஊற்ற வைத்த சாமிக்கு ஒரு கும்பிடு போட்டாள். குத்துமதிப்பாக ஊற்றியிருந்தால் இந்தக் கேனை யாராலும் சரிபண்ண முடியாது. மூன்று பேரும் ஒரே அளவு ஊற்றியிருக்கிறார்கள். ஒரு பங்கு பெட்ரோலில் மூன்று பங்குக்கான எண்ணெய். அப்படியானால் இதில் ஒரு லிட்டருக்கு இரண்டு லிட்டர் வெறும் பெட்ரோல் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும்.

"அண்ணா, உங்க வண்டில இருந்து ரெண்டு லிட்டரு பெட்ரோலு வேணுங்க. சாய்ங்காலம் திருப்பிக் குடுத்தர்றேன். எண்ணெ கலக்காததுதானுங்களே?"

ஊற்றுவதற்கு முன்னால் ஒருத்தர் வாய் திறந்து கேட்டது அப்போதுதான்.

"பைக்குக்கு எதுக்கு எண்ணெ? வெறும் பெட்ரோலுதான்" என்று பொன்னன் குழாயைப் பிடுங்கிப் பிடித்துக் கொடுத்தார். மருந்து கலக்கும் ஜாடியில் அவள் அளப்பதைப் பார்த்துவிட்டு, "எம்பட வண்டிப் பொட்டில இன்னும் ஒரு லிட்டரு பாட்டலு கெடக்குது. அதயும் ஊத்தீரு. எண்ணெ கம்மியானாப் பொகையே வராதல்ல?" என்றார்.

"பொகை வராதுங்க. அப்பறம் மெஷினும் வராது" என்றாள். புதிய இஞ்சின். புகைக்குப் பயந்து எண்ணெயைக் குறைக்க அவள் தயாராக இல்லை. புத்தகத்தில் போட்டதுதான் அளவு.

டேங்கைக் கவிழ்த்துப் பழையதைக் கேனில் விட்டாள். பிளக்கைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, வெயிலில் காயவைத்தாள். பிளக் இல்லாமல் பத்துத் தடவை கயிற்றை இழுத்து உள்ளே தேங்கியிருந்ததை வெளியே தள்ளினாள். எல்லாம் மாட்டிப் புதுக் கலவையை ஊற்றி இழுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது இழுப்பில் மெஷின் சத்தம் போட்டுக் கிளம்பியது. முதலில் கொஞ்சம் கறுத்து, பிறகு புகை மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று ஆகிவிட்டது. மஞ்சுளா வாய்விட்டுக் கத்தினாள். அந்தச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

தனபால் திரும்பி வந்தபோது இரண்டு மணி. மூன்று செட்டைச் சுற்றியும் தரை தெரிந்தது. நாலாவதில் பாதி முடிந்திருந்தது. வெட்டிய புல்லைப் பொன்னன் வாரிக் குவித்துக்கொண்டிருந்தார். தனபால் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு வந்து, அவள் மெஷினை அணைக்கும்வரை காத்திருந்தார்.

"அடுத்த பண்ணைல ஏழாந்தேதி குஞ்சு எறங்குது. முந்துன நாளே வந்துரு. இனி மாசாமாசம் நீயே பாத்துக்க, பூபதிகிட்டச் சொல்லிக்கறேன்."

"சரிங்க" என்றாள். கண்ணைத் துடைத்தால் புல் தூசி என்று நினைத்துக்கொள்வார் என்று தைரியமாகத் துடைத்துக்கொண்டாள்.

தனபாலுக்கும் மனசு குளிர்ந்திருந்தது. ஓரமாக இருந்த கேனைப் பார்த்தார். "பழைய மொபெட்டுக்கு வாங்குன எண்ணெ ரூம்ல ஒரு பாட்டலு சும்மா கெடக்குது. இதுல கொஞ்சம் ஊத்தட்டா?"

மஞ்சுளா பாய்ந்து போய்க் கேனை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

"வேண்டாமுங்க! எங்க ஊட்ல எல்லாரும் ஊத்தியாச்சுங்க!"