ஆதாயம்: ஒரு பன்றித்தொடை

எங்கள் டார்பெல் ஊரில் பன்றி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைநகரத்தில் மூன்று பெரிய மனிதர்கள் முன்னால் இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கடைசிப் பன்றி என் தாத்தா காலத்திலேயே சாசேஜ் ஆகிவிட்டது. பன்றிக் காவலர் பதவி மட்டும் இன்னும் இருக்கிறது.

அந்தக் காலத்தில் அவிழ்த்துவிட்ட பன்றிகள் அடுத்தவன் சோளத்தில் மேய்ந்தன. அவற்றைப் பிடித்து அடைக்க ஊர்க்கூட்டத்தில் ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். பன்றிகள் போன பிறகும் பதவியை விட ஊருக்கு மனம் வரவில்லை. அதனால் மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில், அந்த வருஷம் கல்யாணமான ஜோடியை எழுப்பி நிற்க வைத்துப் பன்றிக் காவலர் ஆக்குவோம். புகைபோட்ட பன்றித்தொடை ஒன்றின் மீது கைவைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். கூட்டம் முழுக்கப் பன்றிபோல உறுமும். பிறகு அந்தத் தொடையை அவர்களே வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடலாம். எனக்கும் என் கல்யாண வருஷத்தில் நடந்தது. சாலை ரிப்பேர், பள்ளிக்கூட வரி என்று காலையிலிருந்து அடித்துக்கொள்கிற சனம் மதியச் சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் சிரிக்க ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

இந்த வருஷம் அது என் அண்ணன் மகள் டெல்ஃபீனுக்கும் அவள் புருஷன் டோபியஸுக்கும் வந்தது. ஊர் எழுத்தர் வெண்டல் ஸ்ப்ரேக் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவன்தான் பிரமாணம் செய்து வைத்தான், போட்டோ எடுத்து ஊர் ஆண்டறிக்கையின் அட்டையிலும் போட்டான். தொடை மேல் கையும் வாய் நிறையச் சிரிப்புமாக டெல்ஃபீன் நிற்கிற படம். அப்போதுதான் அவள் உண்டாகியிருந்தாள்.

அவள் பிள்ளை எங்கே பிறக்கும் என்பதுதான் எங்களுக்குக் கவலை. பள்ளத்தாக்கில் இருந்த ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை லாபமில்லை என்று மூடிவிட்டார்கள். அடுத்த வார்டு மலைக்கு அந்தப் பக்கம். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பனி விழுந்தால் மலையைக் கடக்கிற அந்தக் கணவாய் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நாட்டின் இரண்டு பெரிய கட்சிக்காரர்களும் வந்தார்கள். பூட்டிய வார்டுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் பழியைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர்கூட சாவியைக் கொண்டுவரவில்லை.

அப்போதுதான் ஆர்டித் லிண்ட்கிரென் என்ற டாக்டரம்மா, நாட்டின் நடுவில் இருக்கிற புல்வெளி மாநிலங்களில் நாற்பது வருஷமாகப் பிரசவம் பார்த்தவர், எந்தக் கட்சியும் இல்லாமல் ஜனாதிபதி தேர்தலில் சுயேச்சையாக நிற்பதாக அறிவித்தார். இனி ஒரு பிரசவ வார்டைக்கூட மூட விடமாட்டேன் என்பதுதான் அவர் பேச்சு. அவர் ஜெயிப்பார் என்று நம்ப எனக்குப் பைத்தியமில்லை. ஆனால் ஓட்டுச்சீட்டில் அவர் பெயர் இருந்தால், அதற்கு விழுகிற ஓட்டைப் பார்த்தாவது அந்த இரண்டு பேருக்கும் உறைக்கும் அல்லவா?

பெரிய கட்சிகளுக்கு ஓட்டுச்சீட்டில் இடம் தானாக வந்துவிடும். சுயேச்சைக்கு அப்படியில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் ஆயிரக்கணக்கில் வாக்காளர் கையெழுத்து வாங்க வேண்டும். அதோடு தேர்வாளர்கள் என்று அந்த மாநிலத்து ஆட்கள் சிலரையும் நிறுத்த வேண்டும். நாங்கள் ஜனாதிபதிக்கு என்று போடுகிற ஓட்டு உண்மையில் இந்தத் தேர்வாளர்களுக்குத்தான் விழுகிறது, அவர்கள்தான் பிறகு கூடி ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுவார்கள். எங்கள் மாநிலத்தில் டாக்டரம்மாவுக்கு ஓர் ஆள் குறைந்தது.

"நான் நிக்கறேன் அத்தை. வயித்துல இருக்கறதுக்காக வேற யாரு நிப்பா?" என்றாள் டெல்ஃபீன்.

கோடை விடுமுறை, பஸ் வேலை இல்லை. சனிக்கிழமை காலைகளில் நாங்கள் இரண்டு பேரும் குப்பைக்கிடங்கு வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தோம். எங்கள் பக்கத்தில் குப்பைக்காரர் வீட்டுக்கு வரமாட்டார். தேவாலயத்துக்குப் போகாதவன்கூட குப்பையை ஏற்றிக்கொண்டு சனிக்கிழமை அங்கே வந்துதான் ஆக வேண்டும். பால்பண்ணை ஹார்லன் ஸ்டிக்னி தாத்தா வந்தார், படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"எனக்கு உங்க டாக்டரம்மாவச் சுத்தமாப் புடிக்கல, லூசில்," என்று என்னிடம் சொன்னார்.

"அப்ப எதுக்குப் பேனாவக் கேக்கறீங்க?"

"புடிக்கலன்னு நான் ஓட்டுச்சீட்டுலதான காட்டணும்? பேரே இல்லேன்னா யாருக்குப் போடாம வர்றது? நிக்க ஆசப்பட்டவங்க நிக்கட்டும். குடு இங்க."

அப்படிக் கையெழுத்துப் போட்டவர்கள்தான் பாதிப்பேர். என் ஊர்க்காரர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது. கையெழுத்து வாங்கினால் மட்டும் போதாது. ஒவ்வொரு ஊர்க் கையெழுத்தையும் தனித்தனித் தாளில் வாங்கி, அந்தந்த ஊர் எழுத்தரிடம் கொண்டுபோய், இவர்கள் எங்கள் வாக்காளர்தான் என்று முத்திரை வாங்க வேண்டும். ஓர் எழுத்தர் புதன்கிழமை மதியம் மட்டும் ஆபீஸ் திறப்பார். இன்னொரு அம்மா வைக்கோல் அறுப்பில் இருந்தார், டிராக்டர் மூடியின் மேல் தாளை வைத்து முத்திரை குத்திக் கொடுத்தார். நாய்படாத பாடு பட்டுத்தான் ஆகஸ்ட் கெடுவுக்குள் தாள்களைத் தலைநகரத்தில் சேர்த்தோம். கேட்டதற்கு மேலேயே கையெழுத்து இருந்தது. அன்று டெல்ஃபீன் புளூபெர்ரி பழம் அடைத்துச் சுட்ட 'பை' பலகாரம் ஒன்றை முழுசாகத் தனியாகச் சாப்பிட்டாள், இரண்டு பேருக்குப் பசி என்று சொல்லிக்கொண்டு.

அதே வாரத்தில் ஆட்சேபணை வந்தது. ஆளுங்கட்சி வக்கீல் ரென்ஃப்ரூ போட்டது. கையெழுத்துகளை அவர் தொடவே இல்லை. எங்கள் ஊர் ஆண்டறிக்கையின் அட்டையை மட்டும் இணைத்திருந்தார்.

விசாரணைக்கு நானும் டெல்ஃபீனும் வெண்டலும் போனோம். மேசைக்குப் பின்னால் தேர்தல் குழுவின் மூன்று பேர். இரண்டு பேர் ஒரு கட்சி, ஒருவர் மற்றக் கட்சி. மழை பெய்கிறது என்று ஒருவர் சொன்னால் மற்றவர் குடையை மடக்கிவைக்கிற ஜென்மப் பகையாளிகள். அன்றைக்கு மட்டும் அண்ணன் தம்பிபோல் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஊர்க்கூட்டத்துல இந்தப் பொண்ணப் பதவிக்குத் தேர்ந்தெடுத்தீங்களா?" என்று என்னைக் கேட்டார் ரென்ஃப்ரூ.

"தேர்ந்தெடுத்தோம். சிரிக்கறதுக்கு."

"பிரமாணம் எடுத்தாங்களா?"

"எடுத்தா. பன்றித்தொடை மேல."

"அந்தத் தொடை அப்புறம் எங்க போச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் வெண்டல் எழுந்துவிட்டான். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். "அவங்க வீட்டுக்குத்தான் சார். அதான வழக்கம். நல்ல மேப்பிள் புகை போட்ட தொடை, ஊர்ச் செலவு."

ரென்ஃப்ரூவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "கேட்டுக்கோங்க. பதவி இருக்கு, பிரமாணம் இருக்கு, ஆதாயமும் இருக்கு. ஆதாயம் தரும் பதவியில இருக்கறவங்க தேர்வாளரா நிக்க முடியாதுன்னு சட்டம் சொல்லுது. ஒரு தேர்வாளர் போனா பட்டியல் முழுசா இல்ல. பட்டியல் இல்லேன்னா வேட்பாளரும் இல்ல."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

"எங்க ஊர்ல பன்றியே இல்லய்யா!" என்று கத்தினேன். "வேணும்னா வந்து தேடுங்க. ஒண்ணு புடிச்சுக் குடுத்தீங்கன்னா நானே அத உங்களுக்குச் சமைச்சுப் போடறேன்."

"பன்றி இருக்கா இல்லையாங்கறது கேள்வி இல்லம்மா," என்றார் தலைவர். "பதவி இருக்காங்கறதுதான் கேள்வி."

"சரி, அவள எடுத்துட்டு வேற ஆளப் போட்டுக்கறோம்."

"கெடு முடிஞ்சிருச்சு."

நான் ரென்ஃப்ரூ பக்கம் திரும்பினேன். "உங்க கட்சித் தேர்வாளர் பக்கத்து ஊரு பிளாஜெட், அவரு சாலைக் கமிஷனர். தொடை இல்ல, மாசாமாசம் சம்பளம் வாங்கறாரு. அவரு மட்டும் எப்படி நிக்கறாரு?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்த மற்றக் கட்சிக்காரர் மெல்லச் சொன்னார்: "கட்சிக்கு அந்தக் கெடு கிடையாதும்மா. எப்ப வேணும்னாலும் கடுதாசி குடுத்து ஆள மாத்திக்கலாம். சுயேச்சைக்குத்தான் கெடு. நீங்க வேணும்னா டாக்டரம்மா பேர ஓட்டுச்சீட்டுல கையால எழுதிப் போடுங்களேன்."

"எழுதுனா எண்ணுவீங்களா?"

"தேர்வாளர் பட்டியல் இல்லாம எப்படி எண்ணறது?"

நியாயம் என்று ஒன்று அந்தக் கட்டடத்தில் எப்போதாவது குடியிருந்ததா என்று எனக்குச் சந்தேகம். எங்கள் ஊர்ச் சிரிப்பை எடுத்து எங்கள் கழுத்திலேயே சுருக்குப் போட்டார்கள். மூன்று பேரும் கை தூக்கினார்கள். டாக்டரம்மா பெயர் எங்கள் மாநிலத்தில் போயிற்று.

வாகனம் நிறுத்துமிடத்தில் வெண்டல் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு நின்றான். "நான் வாயப் பொத்திட்டு இருந்திருக்கலாம் லூசில்."

"இருந்திருக்கலாம்," என்றேன். மனசு கேட்கவில்லை. "நீ உண்மையச் சொன்ன. உண்மையச் சொன்னவன் வெக்கப்படறான், அவனுங்க சாப்பிடப் போயிட்டானுங்க. ஏறு வண்டில."

டெல்ஃபீன் வழி முழுக்க வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். திட்டித் தீர்த்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்டோபர் கடைசியில், இலையெல்லாம் உதிர்ந்து முதல் பனிமழை விழுந்த ஒரு பகலில் அவளுக்கு வலி எடுத்தது. டோபியஸ் அவளோடு பின்சீட்டில் உட்கார, அவன் பிக்கப் வண்டியை நான் ஓட்டினேன். கணவாயில் மரம் ஏற்றிய லாரி ஒன்று வழுக்கிச் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. முன்னாலும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. லாரிகள் ஒதுங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்தினேன். பின்சீட்டில் பிள்ளை வந்துவிட்டது. முதலில் அழவில்லை, நீலமாக இருந்தது. அந்தக் கொஞ்ச நேரம் நான் யார் யாரைச் சபித்தேன் என்று கடவுளுக்குத் தெரியும். டோபியஸ் தன் வேட்டைச் சட்டையில் சுற்றித் தேய்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் அழுதது. பெண்பிள்ளை.

லாரியை இழுத்து வழிவிட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். தாயும் பிள்ளையும் நலம் என்றார்கள். பிறப்புப் பதிவுக்கு ஒரு சின்னப் பெண் சக்கர மேசையில் கணினியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"பொறந்த இடம்?"

"கணவாய்ல லாரி ஒதுங்கற இடம்," என்றேன்.

"ஊர் பேரு வேணும்மா."

"அங்க ஊர் இல்லம்மா. ஊர்ல வார்டு இல்ல. அதான் அங்க பொறந்துச்சு."

அவள் எதையோ தட்டினாள். "அம்மாவோட வேலை?"

டெல்ஃபீன் ஆணி, பெயின்ட் விற்கிற கடையில் கல்லாவில் உட்காருகிறவள். அதைச் சொல்ல வந்தேன். கட்டிலிலிருந்து அவள் குரல் முந்திக்கொண்டது.

"பன்றிக் காவலர்."

அந்தப் பெண் களுக்கென்று சிரித்தாள். "என்னது?"

"பன்றிக் காவலர். பிரமாணம் எடுத்து, ஆதாயம் வாங்கி, தலைநகரத்துல மூணு பேரு கை தூக்கி ஒத்துக்கிட்ட பதவி. டாக்டரம்மா பேர நீக்கற அளவுக்குப் பெரிய பதவி. எழுதுங்க. என்னை ஏன் ரோட்டுல பெத்தேன்னு எம் பொண்ணு ஒரு நாள் கேப்பா. அப்பக் காட்டணும்."

சின்னப் பெண்ணின் சிரிப்பு நின்றுவிட்டது. டெல்ஃபீன் முகத்தையும் என் முகத்தையும் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து தட்டத் தொடங்கினாள். எழுதி முடிக்கும் வரை நான் அவள் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன்.