முதல் பானை

புதுப்பானையைத் தலையில் வைத்து, இரண்டு கையையும் விட்டுவிட்டு, இடுப்பை ஒரு வெட்டு வெட்டினான் செல்லன். வாசலில் வரிசையாக அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த பங்காளி வீட்டுப் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்காகச் செல்லன் எதையும் செய்வான். மாமனாராகிவிட்ட வயசில் மனுசன் செய்யக்கூடாதது என்று ஊர் எதைச் சொல்லுமோ அதை முதலில் செய்வான்.

"சித்தப்பா, இன்னொரு சுத்து!"

அந்த இன்னொரு சுற்றில்தான் பனியில் ஊறிய சாணித்தரை காலை வாரியது. செல்லன் ஒரு பக்கம் உட்கார்ந்தான், பானை இன்னொரு பக்கம் விழுந்து உடைந்தது. செல்லனுக்கு ஒன்றும் ஆகவில்லை. உடைந்திருக்க வேண்டியது பானையல்ல, தன் இடுப்புதான் என்று பிறகு நாள் முழுக்க நினைத்துக்கொண்டான். பானையின் கழுத்து மட்டும், சுற்றிக் கட்டிய மஞ்சள்கொத்தோடு, உருண்டுபோய் அண்ணன் வீட்டுக் கதவில் முட்டி நின்றது.

கைதட்டல் நின்றது. அது மூத்தவன் வீட்டுப் பானை. வரிசையில் அது பொங்கி வழிந்த பிறகுதான் மற்ற வீட்டுப் பானைகளில் சாமையைப் போடுவார்கள். மூத்தவன் வெள்ளையன் அந்தக் கதவுக்கு உள்ளேதான் படுத்திருந்தான். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில், வூட்டுக்குக் கூட்டிக்கினு போங்க என்று சொல்லி மலைக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள்.

கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது. அண்ணி செங்கம்மாள் பக்கவாட்டில் வெளியே வந்து, உடனே கதவைச் சாத்தினாள். காலடியில் கிடந்த பானைக் கழுத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று செல்லன் தலையைத் தயாராகக் குனிந்துகொண்டான்.

"அண்ணி, அண்ணனுக்கு சத்தம் கேட்டுச்சா? முழிச்சிக்கினாரா?"

"இரு" என்றாள். உள்ளே போய் ஒரு பித்தளைக் குண்டானோடு வந்தாள். "இத்த வெய்யி. பொழுது ஏறுது. பொங்கட்டும்."

"அண்ணன்..."

"அடுப்பப் பாரு, செல்லா."

போன வருஷம் இந்த வாசலில் ஓர் அடுப்பும் எரியவில்லை. இளைய வழிப் பங்காளியான மாயவன் பெரியப்பாவின் பெண்சாதி மார்கழிக் கடைசியில் செத்துப்போனாள். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் அடுத்து வரும் பொங்கலை வகையறாவில் யாரும் வைக்கக் கூடாது. கீழே வடக்கனந்தல் பக்கம் வெடிச் சத்தம் கேட்க, பிள்ளைகள் பழைய சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்தார்கள். இந்த வருஷம் போகி அன்றே ரேஷன் கரும்பைக் கட்டிக்கொண்டு தூங்கியவர்களும் அவர்கள்தான்.

குண்டான் பொங்கியது. பிறகு ஒவ்வொன்றாக மற்றப் பானைகள். "பொங்கலோ பொங்கல்!" என்ற சத்தம் எதிர்மலையில் பட்டுத் திரும்பியது. செங்கம்மாள் கதவில் முதுகைச் சாய்த்து நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பிள்ளை இலையை வழித்து நக்கியதும் உள்ளே போனாள்.

அவள் போட்ட சத்தத்தில் கொட்டகை மாடு எழுந்து நின்றது.

எல்லாரும் உள்ளே ஓடினார்கள். வெள்ளையன் கண்ணை மூடிக் கிடந்தான். அக்கா ஆயம்மாள் மார்பில் அடித்துக்கொண்டே தீர்ப்பையும் சொல்லிவிட்டாள்.

"மொத பானையப் போட்டு ஒடைச்சியே பாவி! அந்த சத்தத்துலயே என் தம்பி உசுரு போயிடுச்சே!"

செல்லன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கோயில் பிரசாதம்போல ஆளுக்குக் கொஞ்சம் பார்வையைக் கீழே இறக்கிக்கொண்டார்கள்.

மேளக்காரர்கள் பண்டிகைக்குக் கீழே போயிருந்தார்கள். அவர்களை ஏற்றிவரச் சொல்லி ஜீப்காரன் பிச்சைமுத்துவுக்குப் போன் போட்டால், "பொங்கலன்னிக்கு எவனப் போய் நான் எழுப்பறது?" என்றான். மேளம் இல்லாமலே எடுப்பது என்று முடிவானது.

குளிப்பாட்டும்போது அண்ணன் கையில் வெற்றிலையை வைக்கப் போனான் செல்லன். விரல்கள் பிரியவில்லை. மெதுவாக, பிறகு கொஞ்சம் பலமாகப் பிரித்துப் பார்த்தான். மண்வெட்டிக் காம்பைப் பிடித்ததுபோல அப்படியே இருந்தன.

"பெரீப்பா, இன்னா இது, இப்பத்தான போனாரு. அதுக்குள்ள கட்டையாட்டம்..."

மாயவன் பெரியப்பா அந்தக் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொம்பைத் தொட்டியில் முக்கினார். "மலைக் குளுருடா. தண்ணி ஊத்து."

"இல்ல பெரீப்பா, பானை சத்தத்துலதான்..."

"ஊத்துடான்றன்."

குழிமேட்டுக்குப் போகும் வழியெல்லாம் பாடையின் முன்கால் செல்லன் தோளில் இருந்தது. இப்படி நடக்கையில் ஏதாவது சொல்லி நாலு பேரைச் சிரிக்கவைப்பது அவன் வழக்கம். சாவு வீட்டில்கூட. அவன் சொல்லும் எதற்கும் சிரிக்காத ஒரே ஆள் அண்ணன்தான். முகத்தைத் திருப்பாமல், "போடா கூத்தாடி" என்பான். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை வாங்கத்தான் செல்லன் பாதிக் கூத்தையும் ஆடினான் என்பது பாடையைத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

காலையில்கூட, பானையை எடுக்கும் முன், சாத்திய கதவுக்கு வெளியே நின்று குரல் கொடுத்திருந்தான். "அண்ணே, ரேஷன்ல கரும்பு குடுத்துகீறான். கடிக்கப் பல்லு கீதா, இல்ல நானே மென்னு குடுக்கட்டா?" பதில் வரவில்லை. அண்ணிதான் உள்ளிருந்து, "தூங்குறாரு" என்றாள்.

மண் தள்ளினார்கள். ஓடையில் குளித்துவிட்டுத் திரும்பும்போது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. பங்காளிகள் அவரவர் வீட்டுக்குள் போனார்கள். வாசலில் அடுப்புகள் மட்டும் வரிசையாக இருந்தன. செல்லன் ஒரு கூடையை எடுத்துவந்து, உட்கார்ந்தபடியே பானை ஓடுகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

செங்கம்மாள் நிலைப்படியில் வந்து உட்கார்ந்தாள். நெற்றி காலியாக இருந்தது.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு. இனிமே கேக்க மாட்டேன். வாயில வந்தத சொல்லாம, நெசத்த சொல்லுங்க. என்னாலதான் போனாரா?"

அவள் காலடியில் கிடந்த ஓர் ஓட்டை எடுத்துக் கூடையில் போட்டாள்.

"கோழி கூவறதுக்கு முன்னாடியே போய்ட்டாரு."

செல்லன் கையில் இருந்த ஓடு கூடைக்குள் விழவில்லை.

"சொன்னா அத்தினி அடுப்பும் அணைஞ்சிடும். ரெண்டாவது வருசம். நேத்து சாயந்தரமே அவருதான் சொன்னாரு. எனக்கு இன்னா ஆனாலும் புள்ளைங்க பொங்கித் துன்னட்டும், அப்பறமா அழுவு அப்படின்னு." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஒம் பெரீப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும். குளிப்பாட்டறப்போ கையத் தொட்டவரு ஆச்சே."

"அப்ப, காத்தால நான் கதவாண்ட நின்னுக்கினு பேசினது..."

"எனக்குத்தான் கேட்டுச்சி. அவரு காலப் புடிச்சிக்கினு உள்ள குந்திக்கினு இருந்தேன். போடா கூத்தாடின்னு அவருக்குப் பதிலா நானே சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சி, செல்லா. தூங்குறாருன்னுட்டேன்."

செல்லன் கடைசி ஓடுவரை பொறுக்கினான். மஞ்சள்கொத்து அவிழாத கழுத்தை மட்டும் கூடையில் போடவில்லை. எடுத்து, முதல் அடுப்பின் மூன்று கல்லுக்கு மேல் நேராக வைத்தான். அதன் வட்டத்துக்குள் சாம்பல் தெரிந்தது.